பருந்துக்கும் மருந்து

(நமது சங்கத்தின் ஆவணிப் பூரணைக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)



 

மாரிக்காலத் தங்கலின் நடுவில் இருக்கின்றோம். இத்தங்கல் எவ்வாறு தோன்றியது என்பதை விநயபிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. தொடக்கத்தில் பிக்குகள் கோடை, பனி, மாரி என்று பாராமல் எக்காலத்தும் நாடு சுற்றி வந்தனர். மழையில் முளைத்த பசும்புல்லையும், மழைக்குப் பிறந்த சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு போகின்றார்களே இந்தச் சாக்கிய புத்திரர்கள், பறவைகள்கூட மரத்தின் உச்சியில் கூடு கட்டிக்கொண்டு மாரியில் ஓரிடத்தில் அடங்குகின்றனவே என்று மக்கள் முணுமுணுத்தனர். அம்முணுமுணுப்பைக் கேட்ட பகவான் சினங்கொள்ளவில்லை. மாரிக்காலத்தில் ஓரிடத்திலே தங்குமாறு பிக்குகளுக்கு விதித்தார். நம் சமயத்தின் மிகப் பழைய நோன்புகளுள் ஒன்று, பொதுமக்கள் பறவையைச் சுட்டிக் கற்பித்த பாடத்தால் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

இவ்வாண்டு அப்பாடம் நம் வாயிற்படிக்கே வந்து சேர்ந்தது.

ஆகஸ்டு 15ஆம் நாள் டில்லி வானம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மாடிக்கு மாடி பட்டம். ஒருவர் பட்டத்தை மற்றொருவர் அறுக்கும் போட்டி. அறுப்பதற்காகவே கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல். அறுந்த பட்டத்தைச் சிறுவர்கள் ஓடிப் பிடிப்பார்கள். அறுந்த நூலைத் தேடுவார் இல்லை. அது மரத்திலும் கம்பியிலும் மாதக்கணக்கில் தொங்கிக் கிடக்கும்.

மறுநாள் காலை, நம் கூடத்துக்கு எதிரிலுள்ள வேப்பமரத்தில் பருந்தொன்று ஒற்றைச் சிறகால் தலைகீழாகத் தொங்கியது. நம் ஊர்களில் கள்ளப்பருந்து என்று கூறுவோமே, அந்தக் கரும்பருந்து. அடிக்கொரு தடவை சிறகடித்தது. அடிக்கும்தோறும் நூல் இன்னும் உள்ளே இறங்கியது. கீழே எட்டுப் பேர் நின்றிருந்தோம். இன்று உங்கள்முன் அறம் பேசும் நாமும் அவருள் ஒருவர்.

நம்மவர் ஒருவர், நல்லவர், வயதில் மூத்தவர், கூறினார்: “ஐயா, அது பிணந்தின்னிப் பறவை. பூரணைக்கென்று கூடத்தைக் கழுவி வைத்திருக்கின்றோம். உள்ளே கொண்டுவர வேண்டாம்.”

ஒருவரும் மறுக்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கூறியது சரியென்றே அப்போது நம் மனத்திற்பட்டது. தூய்மை என்னும் சொல் அவ்வளவு எளிதாக நம்மை வாயடைத்துவிடுகின்றது.

அவ்வேளையில் இரவுப் பணி முடித்து வந்த உபாசிகை ஒருவர், மருத்துவமனையில் செவிலியாய் இருப்பவர், நம்மை நோக்கி, “பெரியப்பா, கத்தரிக்கோல் இருக்கிறதா?” என்றார். வேறொன்றும் பேசவில்லை. பையன் ஒருவன் மதிலேறி மூங்கிலால் கிளையை வளைத்தான். அவர் நூலைப் பிடித்து இழுக்காமல் காயத்துக்கு இருபுறமும் வெட்டினார். தம் துப்பட்டாவால் பறவையின் தலையையும் உடலையும் மூடி, கால்களை இறுகப் பற்றி, புத்தகங்கள் வந்த அட்டைப்பெட்டியில் துளையிட்டு அதனுள் வைத்தார். வண்டி வரும்வரை அப்பெட்டி நம் கூடத்தில்தான், பகவானின் உருவத்துக்குச் சற்றுத் தள்ளி, இருட்டான மூலையில் இருந்தது.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இந்நகரத்தில் இதே வார்த்தைகளை முன்பே ஒரு பருந்து கேட்டிருக்கின்றது.

முகமது சவூத், நதீம் ஷேசாத் என்னும் உடன்பிறந்தார் இருவர் பழைய டில்லியில் வளர்ந்தவர்கள். பருந்துக்கு இறைச்சி வீசுவது நன்மை தரும் என்பது அப்பகுதி இஸ்லாமியரிடையே உள்ள பழைய வழக்கம். ஆதலால் சிறு வயதிலேயே அவர்களுக்குப் பருந்துடன் பழக்கம். இளமையில் காயமுற்ற பருந்தொன்றை எடுத்துக்கொண்டு பறவை மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். இது புலால் உண்ணும் பறவை, இங்கே சேர்ப்பதற்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மருத்துவமனையைப் பழிப்பது நம் நோக்கமன்று. எத்தனையோ புறாக்களும் கிளிகளும் அங்கே உயிர் பெற்றிருக்கும். அவற்றுக்கு மருந்திட்ட கைகளை வணங்குகின்றோம். ஆயினும் அந்த வாயிலில் கேட்கப்பட்ட கேள்வி, “இதற்கு என்ன நோய்?” என்பதன்று, “இது என்ன தின்னும்?” என்பது.

உபாசகர்களே, இக்கேள்வி நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டனைக் கிணற்றண்டையிலும் கோயில் வாயிலிலும் நிறுத்தியவர்கள் கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்றன்றோ? பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாதார் பற்றிய நூலில், மாட்டிறைச்சி உண்டதையும் பௌத்தத்தைக் கைவிடாததையுமே தீண்டாமையின் வேர்களாக எடுத்துக்காட்டினார். செத்த மாட்டை அகற்றும் வேலையை ஒரு மக்கள்மீது சுமத்திவிட்டு, அகற்றியதற்காகவே அவர்களை இழிந்தவர் என்றது இந்நாடு. பருந்தின் கதையும் அதுவே. 1990களில் தொடங்கி, மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியே சென்று கழுகினத்தையே அழித்தது. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை 2006இல் அரசு தடைசெய்தது. ஆனால் டில்லி வானத்திலிருந்து கழுகுகள் பெரும்பாலும் போய்விட்டன. இன்று இப்பெருநகரின் குப்பைமேட்டு இறைச்சிக் கழிவை உண்டு அகற்றுவதில் பருந்துகளுக்குப் பெரும் பங்குண்டு. உலகில் இப்பறவை மிக நெருக்கமாக வாழும் நகரங்களுள் டில்லி ஒன்று. நம் அழுக்கை உண்பதால் அழுக்கென்று பெயர் வாங்கிய பறவை அது. அதனை நம் கூடத்து வாயிலில், நாமே, நம் வாயாலேயே நிறுத்தினோம் என்பதை எண்ணுந்தோறும் நாணம் உண்டாகின்றது.

புலால் உண்ணாமை உயர்ந்த ஒழுக்கமே. அதனைக் கைக்கொண்ட நம்மவர் பலர், அவர்களை மதிக்கின்றோம். ஆனால் அதனைப் பிறரை அளக்கும் கோலாக்குவதைப் பகவான் ஏற்றாரா? தேவதத்தன் ஐந்து விதிகளைச் சங்கத்தின்மீது கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டான். மீனும் இறைச்சியும் உண்ணலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பகவான் மறுத்துவிட்டார். இத்தேவதத்தனே இளமையில் அன்னப்பறவையை அம்பெய்து வீழ்த்தியவன் என்றும், சித்தார்த்தர் அம்பைப் பிடுங்கி மருந்திட்டார் என்றும் கதை வழங்குகின்றது. பாபாசாகேப் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அதனை எடுத்தாண்டிருக்கின்றார். அம்பெய்தவனே பிற்காலத்தில் மரக்கறி விதிக்காக வழக்காடினான் என்று இவ்விரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். தட்டில் உள்ளதைக் கொண்டு ஒருவன் கருணையை மதிப்பிட்டால் எவ்வளவு தவறிவிடுவோம்!

நம் தமிழில் இதற்கு ஆபுத்திரன் சான்று. வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்து ஓட்டிச் சென்றதற்காக அவனை அடித்தனர். பிறப்பைத் தோண்டி எடுத்து, தீண்டத்தகாதவன் என்று ஊரை விட்டே துரத்தினர். பிச்சை ஏந்திய பாத்திரத்தில் கல்லை இட்டனர். அவனோ மதுரை சென்று, அமுதசுரபி கைவந்தபின், குருடர்க்கும் முடவர்க்கும் சோறிட்டான். மக்கள் மட்டுமல்ல, விலங்கும் மரத்துப் பறவையும் அவனைச் சூழ்ந்து நீங்காமல் நின்றன என்று மணிமேகலை கூறும். வந்த பறவை எவ்வினம் என்று சாத்தனார் பிரித்துக் கூறவில்லை.

இனி அந்த உடன்பிறந்தாரிடம் திரும்புவோம். அவர்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். சோப்பு நீர்க்கலம் செய்யும் சிறுதொழில் செய்துவந்தனர். உடற்பயிற்சியில் ஆர்வங்கொண்டு தசை, தசைநாண் பற்றிப் படித்திருந்தனர். அதுவே முதல் கல்வி. வட டில்லி வசீராபாத்தில் தங்கள் தொழிற்கூடத்தின் நிலவறையில் பறவைகளைக் கிடத்தி, மற்றவற்றைக் கைப்பழக்கத்தாலும் கால்நடை மருத்துவர் துணையாலும் கற்றனர். 2010இல் வைல்டுலைஃப் ரெஸ்க்யூ என்னும் அமைப்பாக அதனை நிறுவினர். இதுவரை அவர்கள் எடுத்துப் பேணிய பறவைகள் 20,000க்கு மேல். ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் படம் 2022இல் கான் விழாவில் பரிசு பெற்றபோதுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு டில்லி பற்றியெரிந்தபோதும் பெட்டி பெட்டியாய்ப் பருந்துகள் வந்துகொண்டே இருந்தன. அவர்கள் வேலையும் நிற்கவில்லை.

அவ்வேலை யாது என்று சற்று அறிந்துகொள்ளுங்கள். பருந்தின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே சிறகின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய தோல் உண்டு. விரித்த சிறகில் காற்றைத் தாங்குவது அதுவே. மாஞ்சா பெரும்பாலும் அறுப்பது அத்தோலையும் அதனுள் ஓடும் தசைநாணையும். தோல் அறுந்தால் தைக்கலாம்; தசைநாண் அறுந்துவிட்டால் பலநேரம் பறவை மீண்டும் பறக்காது; எலும்பு வெளிப்பட்டுக் காய்ந்துவிட்டால் உயிரே ஐயம். காயம் ஆறிய பின்னும், பறக்கும் இறகு ஒடிந்திருப்பின் புதிய இறகு முளைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இங்கே மகாவக்கத்தில் உள்ள மற்றொரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. பிக்கு ஒருவர் வயிற்றுப்போக்கால் தம் மலத்திலேயே கிடந்தார். பகவான் ஆனந்தரோடு அவ்வழி வந்தார். உம்மைப் பேணுவார் இல்லையா என்று வினவினார். இல்லை, நான் மற்றப் பிக்குகளுக்கு ஒன்றும் செய்பவனல்லன், அதனால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்றார் அவர். பகவான் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்று அதன்பின் பிக்குகளுக்கு உரைத்தார். நோயாளி சொன்ன காரணத்தைக் கவனித்தீர்களா? அவரால் யாருக்கும் பயனில்லை. நன்றி சொல்லத் தெரியாத பருந்தின் நிலையும் அதுவன்றோ?

அதையடுத்து, நோயாளியைப் பேணத் தகுந்தவனுக்கு ஐந்து குணங்களைப் பகவான் வகுத்தார். மருந்தமைக்கும் திறம் வேண்டும். நோயாளிக்கு ஆவது ஆகாதது அறிய வேண்டும். பொருளுக்காகவன்றி அன்பால் செய்தல் வேண்டும். மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்கலாகாது. தக்க பொழுதில் அறங்கூறித் தேற்ற வேண்டும். இவற்றுள் இரண்டாவதில்தான் அன்புள்ளோர் மிகவும் தவறுகின்றனர். அடிபட்ட பறவையைக் கண்டவுடன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகின்றனர். பறவையின் மூச்சுத்துளை நாவின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். பால் ஊற்றுவோரும் உண்டு. சோறு திணிப்போரும் உண்டு. ஒன்றும் கொடுக்க வேண்டாம். இருட்டும் வெதுவெதுப்பும் அமைதியுமே முதல் மருந்து. பருந்தின் அலகை விட நகமே கொடிது. ஆதலின் தடித்த துணி வேண்டும். அதிகம் தொடலாகாது. ஐந்தாவது குணம் மனிதருக்கு உரியது. பருந்துக்கோ நம் குரலே அச்சம். அதற்கு நாம் கூறும் அறவுரை வாய்மூடி இருப்பதுதான். பேச்சையே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இது கடினம்.

எடுத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கைக்கு வந்த காட்டுயிரைப்பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். வளர்க்கும் ஆசை கருணையின் வேடத்தில் வருவதுண்டு. எச்சரிக்கையாய் இருங்கள்.

இன்னொரு வினாவை நம்முள் சிலர் தனியே கேட்டனர். மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். பருந்தைப் பேணினால் அதற்கு இறைச்சி வாங்க வேண்டும். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரின் ஊனை விலைக்கு வாங்குவது முதற் சீலத்துக்கு அடுக்குமா?

எளிய வினா அன்று. சிபியின் கதையிலேயே இது இருக்கின்றது. புறாவைக் காத்த மன்னனிடம் பருந்து நீதி கேட்டது: அதற்கு உணவு, எனக்குப் பட்டினியா என்று. மன்னன் அதனை விரட்டவில்லை. அதன் பசியும் நியாயமென்று கண்டு தன் தசையை அரிந்தான். கதை செய்தவர்கள் பருந்தைக் கொடியதென்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு என்று பாபாசாகேப் பகவானின் அகிம்சையை விளக்கினார். கண்மூடிப் பின்பற்றும் விதியாக அதனைக் கொள்ளாது, சிந்தித்து நடக்கும் நெறியாகக் கொள்ளச் சொன்னார். பருந்தைப் பருப்புச் சோற்றில் வளர்க்க முடியாது. இறைச்சி வாங்கும்போது மனம் உறுத்தினால் உறுத்தட்டும். அவ்வுறுத்தலைத் தவிர்ப்பதற்காகப் பறவையைச் சாகவிடுவது சீலமாகாது என்பது நம் கருத்து. வேறு கருத்துடையோர் அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

விநயத்தில் பாராஜிகப் பகுதியிலும் ஒரு வழக்கு உண்டு. வேடன் வலையில் சிக்கிய விலங்கை இரங்கி அவிழ்த்துவிட்ட பிக்கு, பிறர் பொருளைத் திருடியவர் ஆவாரோ என்று அஞ்சினார். இரக்கத்தால் செய்தமையால் குற்றமில்லை என்று பகவான் தீர்ப்பளித்தார். இன்று டில்லி மரங்களில் தொங்கும் நூல், வேடன் இல்லாத வலை.

சென்ற ஆண்டு நம்மவர் சிலர் பெரோஷா கோட்டத்துக்குச் சென்று வந்தது நினைவிருக்கும். அங்கே கற்கட்டடத்தின் உச்சியில் நிற்பது தோப்ராவிலிருந்து பெரோஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த அசோகர் தூண். அதில் பிராமி எழுத்தில் ஐந்தாம் தூண் சாசனம் உள்ளது. முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் கொல்லலாகாது என்று மாமன்னர் அறிவித்த உயிர்களின் பட்டியல் அது: கிளி, மைனா, அன்னம், வௌவால், ஆமை, அணில் என்று நீளும். காரணமின்றிக் காட்டைக் கொளுத்தலாகாது என்பதும் அதிலேயே உண்டு. மற்றொரு சாசனம், இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கு மருத்துவம், விலங்குகளுக்கு மருத்துவம் என இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கூறி, அவை நடைபெறும் நாடுகளுள் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. பேரரசின் எல்லைக்கு வெளியே இருந்த நம் நாட்டுக்கு அசோகரின் பெயரால் வந்தவற்றுள் விலங்குக்கான மருந்தும் ஒன்று. இன்று வியாழக்கிழமைகளில் கோட்டத்துக்கு வேண்டுதல் எழுதிக்கொண்டு வரும் மக்கள் பருந்துகளுக்கு இறைச்சி வீசுவர். தூணைச் சுற்றிப் பருந்துகள் வட்டமிடும். அத்தூணில் எழுதியதைப் படிக்க அறிந்தவர்களின் வழித்தோன்றல் என்று பெருமை பேசும் நாம், வேப்பமரத்தடியில் வாய்மூடி நின்றோம்.

நூலின் செய்தியையும் கூறிவிடுகின்றோம். 2016 ஆகஸ்டு 15 அன்று இந்நகரில் மாஞ்சா கழுத்தறுத்துக் குழந்தைகள் இருவர் மாண்டனர். 2017 ஜனவரியில் டில்லி அரசு நைலான் மாஞ்சாவையும் கூர்மை ஏற்றிய மற்ற நூல்களையும் தடைசெய்தது. மீறுவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று அப்போது அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுதும் தடைவிதித்தது. ஆயினும் விற்பனை மறையவில்லை. சீன மாஞ்சா என்பது பெயர்தான்; நம் நாட்டிலும் செய்கின்றார்கள். பரேலியில் பஞ்சு நூலுக்குக் கண்ணாடித் தூள் பூசும் ஏழைத் தொழிலாளிகளின் விரல்களும் அறுபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பட்டம் விடட்டும். வெறும் பஞ்சு நூலில் விடட்டும். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் எடுத்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் இரக்கங்கொள்வேன் என்பதோடு அவற்றைக் காப்பேன் என்பதும் சேர்ந்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நாம் அனுப்பிய பருந்துக்குத் தோலைத் தைத்திருக்கின்றார்கள். தசைநாண் பாதி அறுந்திருந்ததாம். பறக்குமா என்பது இப்போது சொல்வதற்கில்லை. பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கின்றனர். அன்று கூடத்துக்குள் வேண்டாம் என்ற பெரியவர் சென்ற ஞாயிறன்று தாமே கேட்டு உடன் வந்து, கூண்டுக்கு வெளியே நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, கூடத்தைச் சுற்றியுள்ள மரங்களில் தொங்கும் நூலை அகற்றச் செல்கின்றோம். நீண்ட மூங்கில், கத்தரிக்கோல், தடித்த கையுறை, சாக்கு இவற்றை இயன்றவர் கொண்டுவருக. எடுத்த நூலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிய பின்னரே குப்பையில் இடவேண்டும். சிறுவர்களை அழைத்துவரலாம், மரமேறவோ மின்கம்பியருகே செல்லவோ அவர்களை விடலாகாது.